எச்சரிக்கை ஒட்டாத கதை

“இப்படியா நம்பவெச்சுக் கழுத்தறுக்கிறது!” கைப்பேசியைச் சோபாவில் வீசினாள் அவள்.

மருந்துக்கடை திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் பதறிப்போனான். “யாரு? என்ன ஆச்சு?”

“நம்ம சீரியல் இன்ஸ்பெக்டரை வெச்சு ரசிகர்கள் கதை எழுதுறாங்கல்ல? அதுல ஒருத்தங்க ‘கட்டாயம் படிங்க’ன்னு தன் கதையோட லிங்கை எனக்கே அனுப்பினாங்க. நம்பிப் படிச்சா, பொண்டாட்டிமேல உயிரையே வெச்சிருக்கிற மனுஷனுக்கு இன்னொருத்தியோட தொடுப்பாம்! ‘இதுல துரோகம் வரும்’னு மேல ஒரு வரி போட்டிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்.”

“கதைதானே, விடு டானிக்.”

டானிக்! கல்யாணமான புதிதில் அவன் வைத்த செல்லப்பெயர். வெளியாள் காதில் அது விழுந்தால் அப்புறம் பேச்சுவார்த்தையே கிடையாது என்று அவள் அப்போதே மிரட்டி வைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்து இன்றுவரை விழுந்ததில்லை.

“இருமல் மருந்துக்கே ‘தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க’ன்னு சீட்டு ஒட்டிக் குடுக்கறீங்க. மனசு உடையுற கதைக்கு வேண்டாமா?”

“நியாயம்தான். எழுதினவங்களையே நல்லாக் கேளு,” என்று சிரித்துக்கொண்டே போனான்.

கேட்டாள். சூடாகவே நாலு வரி எழுதி அனுப்பினாள். ‘படிக்கிறவங்க மனசைப் பத்திக் கவலையே இல்லையா உங்களுக்கு?’

காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

‘உங்க ஒருத்தருக்காகத்தான் இந்தக் கதையையே எழுதினேன். எச்சரிக்கை போட்டா படிக்காம விட்டுடுவீங்களே, டானிக் அக்கா!’