வடாமுக்குக் காவல்

“குடையை விரிச்சு வெச்சாச்சு. இனி ஒரு காக்கா கிட்ட வராது, பாருங்க” என்று மாடிப்படியில் யாரோ சொன்னது கறுப்புக் குடையின் காதில் விழுந்தது. அதற்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில், பழைய புடவையின்மேல் வடாம் காய்ந்துகொண்டிருந்தது.

காகம் ஒன்று கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது.

“கிட்ட வராதே!” என்றது குடை.

“கம்பி ஒடிஞ்ச குடைக்கு இவ்வளவு அதட்டலா அண்ணே? போன வருஷம் இந்த வீட்டுப் பொண்ணு மங்கை உன் நிழல்லதான் காவல் இருந்தா. பாதி காஞ்சதுல தனக்கு ஒண்ணு எடுத்தா, எனக்கும் ஒண்ணு எறிவா.”

“அவ இப்ப ஓசூர்ல வேலைக்குப் போறா. ஒண்ணு குறைஞ்சாலும் என் மானம் போயிடும்.”

“அதுவும் சரிதான்” என்ற காகம், போகாமல் அங்கேயே இருந்தது.

பிறகு லேசாகக் காற்று வீசியது. குடை ஒருமுறை உருண்டு, ஓரத்து வடாமை விட்டுத் தள்ளிப் படுத்துக்கொண்டது.