நாலாம் பிறை

விநாயகர் சதுர்த்தியன்று பிள்ளையாரின் பட்டுக்குடை காணாமல் போனது. கோயில் சாவி தர்மகர்த்தா ராக்கையாவிடம் இருந்ததால், ஊர்க்கூட்டத்தில் அவர் பதவிக்கே ஆபத்து வந்தது.

ராக்கையா அசரவில்லை.

"சதுர்த்தி நிலாவைப் பாத்தா திருட்டுப் பழி வரும்னு தெரியாதா? பூசை முடிஞ்சு போறப்ப தெரியாத்தனமாப் பாத்துட்டேன். கிருஷ்ண பரமாத்மாவுக்கே வந்த பழி, எனக்கு வராதா?"

கூட்டம் உச்சுக்கொட்டியது. "பாவம், எல்லாம் திதி பண்ணின வேலை" என்று பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராக்கையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

எதிர்வீட்டு ராமுத்தாய் எழுந்தாள்.

"நிலாவை நல்லாப் பாத்தீகளாண்ணே?"

"கீத்து மாதிரி, தெளிவா."

"அன்னிக்குப் பொழுதடையப் பிடிச்ச மழை விடியமட்டும் விடலையே. பூசைக்கு வந்த நாங்க எல்லாரும் தெப்பமா நனைஞ்சோம். நீங்க மட்டும் எப்படிண்ணே சொட்டு ஈரமில்லாம வீடு வந்து சேந்தீக?"