மேடம் கொடுத்த மாத்திரை

"அந்தப் பழத்தை எடுத்துட்டுப் போயிடுங்க ஆன்டி. எங்களுக்கு வேணாம்."

ஐ.சி.யு. வாசலில் வழியை மறித்துக்கொண்டு சொன்னாள் வாணி.

சீதாலெட்சுமிக்கு முகம் சுருங்கிப்போனது. பழக்கூடையைச் சுமந்து வந்தது அவள்தான் என்றாலும், அதை வாங்கியது பக்கத்தில் நின்ற முதலாளி அமுதவள்ளி.

கிள்ளானில் மூன்று மாடிச் சேலைக் கடை வைத்திருப்பவர், தீபாவளிக் கூட்டத்தை அப்படியே போட்டுவிட்டு, தன்னிடம் வேலை செய்கிற ஒருத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார் என்றால் அது லேசான காரியமா? எந்த முதலாளி வருவார்? வந்தவரை இந்தப் பெண் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

"அம்மா எப்படிம்மா இருக்காங்க?" என்று அமுதவள்ளி பொறுமையாகத்தான் கேட்டார்.

"இன்னும் கண்ணு முழிக்கல."

முந்தாநாள் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பட்டுச்சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் வாணியின் அம்மா இராஜம்மா இரத்த வாந்தி எடுத்துச் சரிந்தாள். சேலை நாசம். அதைப் பற்றி மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் காரிலேயே ஏற்றி அனுப்பினார்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வயித்துல புண்ணு வெடிச்சு இரத்தம் கொட்டியிருக்காம். கிட்னியும் போச்சாம். பிழைச்சாலும் டயாலிசிஸ்தானாம். எல்லாம் நீங்க கொடுத்த வலி மாத்திரையால."

சீதாலெட்சுமிக்குச் சுருக்கென்றது.

கல்லாவுக்குப் பக்கத்தில் மேடம் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருப்பார். உள்ளே பூராவும் வலி மாத்திரை. காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றே விற்கிற பெண்களுக்குக் கால் வலிக்காமல் இருக்குமா? வாய் திறந்து கேட்கக்கூட வேண்டாம். முகம் கோணினாலே போதும், மேடமே எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரு காசு வாங்கமாட்டார். உட்கார நாற்காலி போடமாட்டார், அது வேறு விஷயம். விற்கிறவள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் மாமனார் காலத்து நம்பிக்கை. அதற்காக மேடத்தைக் குறை சொல்ல முடியுமா?

"நான் என்ன விஷமாம்மா கொடுத்தேன்?" என்றார் அமுதவள்ளி. "வலிக்குதுன்னு நின்னாங்க, மனசு கேக்கல. எம்.சி. எடுத்துட்டு வீட்டுல ரெஸ்ட் எடுங்கன்னு சொன்னா யாரு கேக்குறா?"

தீபாவளி நேரத்தில் எம்.சி. என்று மருத்துவ விடுப்பு எடுத்தவளுக்கு அடுத்த மாதம் கடையில் இடம் இருக்காது. அது சீதாலெட்சுமிக்குத் தெரியும். ஆனால் பேசுகிற நேரமா இது?

வாணி அவள் பக்கம் திரும்பினாள்.

"ஆன்டி, நீங்க அம்மா கூடவே நிக்கிறவங்க. அம்மா அந்த மாத்திரையை எப்படியெல்லாம் சாப்பிட்டாங்கன்னு டாக்டருக்குச் சரியாத் தெரியணுமாம். டெய்லி போட்டாங்களா? சாப்பிட்டுட்டுப் போட்டாங்களா? நீங்களாச்சும் சொல்லுங்க."

சீதாலெட்சுமிக்குத் தெரியாததா? காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, கூட்டம் நெரிந்தால் சாயங்காலமும் ஒன்று. சாப்பிட நேரம் இல்லாத நாளில் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு. வருஷக்கணக்காக இதே கதைதான். இரண்டு பேரும் ஒன்றாக நின்றுதான் விழுங்குவார்கள். "வயிறு எரியுதுடி சீதா, வெளிக்குக் கறுப்பாப் போகுது" என்று இராஜம்மா சொன்னபோது, "கேஸ்டிரிக்கா இருக்கும், பால் குடிங்கக்கா" என்று சொன்னதும் இவள்தான்.

அமுதவள்ளி சீதாலெட்சுமியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சீதாலெட்சுமி மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்ற மனுஷி. அவரையா காட்டிக்கொடுப்பது?

"எப்பவாச்சும் ஒண்ணு போடுவாங்க" என்றாள் சீதாலெட்சுமி. "டெய்லியெல்லாம் கிடையாதும்மா. மேடம் பாவம். நல்லது செஞ்சவங்களை இப்படியா பேசுறது?"

வாணி கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"சரி ஆன்டி. அப்படியே டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்."

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். பழக்கூடை வெளியே பெஞ்சின் மேல் கிடந்தது.

லிப்டில் கூட்டம் அதிகம் என்று இரண்டு பேரும் படியேறியே கார் நிறுத்தியிருந்த மாடிக்குப் போனார்கள். சீதாலெட்சுமிக்கு ஆறவே இல்லை.

"நன்றி கெட்ட பொண்ணு மேடம்."

"விடு சீதா. பெத்தவ அப்படிக் கிடக்கிறா, நாலு வார்த்தை பேசத்தான் செய்வா. நீ பக்குவமா பேசினே. இந்தத் தீபாவளிக்கு உனக்குப் பிடிச்ச சேலையா பார்த்து எடுத்துக்கோ."

சீதாலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?

பாதிப் படியில் அமுதவள்ளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இந்த முட்டி வலி உயிரை எடுக்குது சீதா."

சீதாலெட்சுமி அவசரமாகக் கைப்பையைத் துழாவினாள். காலையில் மேடம் கொடுத்த மாத்திரை அட்டை கைக்குக் கிடைத்தது. ஒன்றைப் பிதுக்கி நீட்டினாள்.

"இந்தாங்க மேடம், போட்டுக்குங்க. தண்ணி இருக்கு."

அமுதவள்ளி கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, எனக்கு வேணாம்லா. வயித்தைப் புண்ணாக்கிடும், கிட்னியும் போயிடும், தொடவே கூடாதுன்னு என் டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு. நீ போட்டுக்கோ. கடை சாத்துற வரைக்கும் நிக்கணும்ல."