கழற்றாத தாலி

“எம்ஆர்ஐ ரூமுக்குள்ள மெட்டல் எதுவும் வரக்கூடாது ஆன்ட்டி. செயினையும் கழட்டிடுங்க,” என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெதானி.

மதலேனாவின் கை தாலிச் சங்கிலியைப் பொத்திக்கொண்டது.

“வளையல், தோடெல்லாம் கழட்டிட்டேன்லா. இது மட்டும் முடியாது. ஃபாதர் முன்னால கட்டினது. மூணு பிள்ளை பெத்தப்பகூட நான் இதைக் கழட்டல.”

“அரை மணி நேரந்தானே மதலேனா?” கணவர் லாசரஸ் கெஞ்சினார். “கட்டினவன் நானே சொல்றேன், கழட்டு.”

“பயப்பட ஒண்ணுமில்ல. வலிக்காது, சத்தம்தான் பலமா இருக்கும்,” என்றாள் பெதானி.

“சத்தத்துக்கு யாரு பயந்தா?” சிலிர்த்துக்கொண்டாள் மதலேனா.

லாசரஸுக்கு ஏர்கான் குளிரிலும் வேர்த்தது. “மாதா மேல ஆணையா, வெளிய வந்ததும் நானே திரும்பப் போட்டுவிடறேன். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாத!”

அதற்கு மேல் அவளால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. சிலுவைக் குறி போட்டுவிட்டுச் சங்கிலியைக் கழற்றி லாக்கரில் வைத்துப் பூட்டினாள்.

“அப்பாடா!” என்ற பெதானி, லாசரஸின் பக்கம் திரும்பினாள். “வாங்க அங்கிள், ஏறிப் படுங்க. நீங்க கேட்ட மாதிரியே ஸ்கேன் முடியிற வரைக்கும் ஆன்ட்டி உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க.”

படுத்தவரின் கை வெடவெடவென்று நடுங்கியது. மதலேனா அதை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால சர்ச்லயும் இதே நடுக்கம்தான். வெளிய வந்து போடும்போதாவது நடுங்காமப் போடுங்க!”