அடித்தாளில் ஒரு கை

தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடரில் ஐம்பத்திரண்டு வாரமாக மந்திரச் சிறுமி தாரகை தன் தோழி பூவிழியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பறந்தாள். உண்மையில் இருவரும் வெவ்வேறு கண்ணாடித்தாள்களில் வரையப்பட்டிருந்தார்கள். பூவிழியை அடியிலும் தாரகையை மேலேயும் வைத்துப் படமெடுத்தால், கை கோத்ததுபோலத் தெரியும். கடைசி வாரம் தாரகை தனியாக நிலவுக்குப் போக வேண்டும். அதனால் வண்ணம் தீட்டும் ஸெலின் அடித்தாளை உருவினாள். தாரகை அதே சிரிப்போடு பறந்தாள். விரல்கள் மட்டும் எதையோ பற்றியபடி மடங்கியிருந்தன.

"சார், இந்தக் கைய மட்டும் மாத்தி வரைஞ்சிடட்டுமா? பாவமா இருக்கு."

"இருக்கறதே போதும்மா. பிள்ளைங்க சிரிப்பப் பாக்குமா, கையப் பாக்குமா?" என்றார் மேற்பார்வையாளர் அரங்கநாதன்.

ஸெலின் பூவிழியின் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கை மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது.

"சார், இவளுக்குக் கையே இல்ல!"

"மேல்தாள் மறைக்கிற இடத்த எவன் மெனக்கெட்டு வரைவான்?"

அவர் போனதும், இனி படமெடுக்கப்படாத அந்தத் தாளில் ஸெலின் ஐந்து விரல்களையும் நிதானமாக வரைந்தாள். மை காய்ந்தபின் தாரகையை எடுத்து அதன்மேல் வைத்தாள். மேலிருந்து பார்க்க எதுவும் மாறவில்லை.