இருபத்தெட்டு நாள்

கலீலுல்லா குனிந்து தளத்தின் விரிசலுக்குள் சாவியை விட்டுப் பார்த்தார். பாதிச் சாவி உள்ளே போனது.

"சிமெண்ட்ட யாருக்கு வித்தே, வேல்ராஜு?"

வேல்ராஜ் அவர் முகத்தைப் பார்த்தான். மும்பை செம்பூரில் இருக்கும் அந்த கேரேஜ் அவருடையது. வாடகைக்கு எடுத்திருப்பவன் மெக்கானிக் இசக்கிப்பாண்டி, வேல்ராஜின் மனைவி பிரேமலதாவுக்கு அண்ணன். அவன் சொல்லித்தான் கான்கிரீட் தளம் போடும் வேலை வேல்ராஜுக்குக் கிடைத்தது. போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. ஷட்டரிலிருந்து நடுத்தளம் வரைக்கும் இரண்டு விரிசல்கள் ஓடின.

"அளந்துதான் கலந்தேன் பாய். நீங்களே நின்னு பாத்தீங்கள்லா."

"பாத்தேன். நான் தொழுகைக்குப் போனப்பமும் கலந்தியே, அத யாரு பாத்தா? வீட்டுல புதுசா அடுப்பு மேடை கட்டிருக்கியாமே. அது விரிஞ்சிருக்கா?"

"அது வேற சிமெண்ட் பாய்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

இசக்கிப்பாண்டி குறுக்கே வந்தான். "அப்பிடிப் பேசாதீங்க பாய். எம் மாப்ள களவாணிப் பய கிடையாது. மழக்காலம், மணலு ஈரமா வந்திருக்கும். மனுசன்னா தப்பு நடக்கத்தான் செய்யும்."

அவனாவது பரிந்து பேசினானே என்று வேல்ராஜுக்கு இருந்தது. ஆனால் தப்பு எங்கே நடந்தது என்று பிடிபடவில்லை. தளத்தைச் சுற்றி வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டு, மறுநாளே கோபர்கைரனேயில் ஒரு பாத்ரூம் வேலைக்குப் போய்விட்டான். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது இசக்கிப்பாண்டியின் பொறுப்பு. ஷட்டர் சாவியும் அவனிடம்தான் இருந்தது. கிளம்பும்போது வேல்ராஜ் சொன்னது ஒன்றுதான்: இருபத்தெட்டு நாள் வண்டி ஏறக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை, தளம் போட்ட மூன்றாம் நாள், வேலை முடிந்து வந்தவனுக்கு பிரேமலதா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். ஆனி கடைசி வெள்ளி, கோயிலில் கொடுத்தார்கள் என்றாள். நல்ல தளம் போட்ட சந்தோஷத்தில் இரண்டாம் முறையும் வாங்கித் தின்றான்.

இப்போது அதே தளத்தில் உட்கார்ந்து, இரண்டு விரிசலுக்கும் நடுவே சாணால் அளந்தான். நிமிர்ந்து இசக்கிப்பாண்டியைப் பார்த்தான்.

"மச்சான், வண்டி எதுவும் ஏத்துனியா?"

"எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? வண்டி இழுக்கன்னு புதுசா வாங்குன டோயிங் வண்டி இன்னும் வெளிய மழையிலதான நிக்கி. ஆடி முடிஞ்சி ஆவணிலதான் பூஜையே." இசக்கிப்பாண்டி நெஞ்சில் கை வைத்தான். "எந் தங்கச்சி மேல சத்தியம் மாப்ள."

அதற்கு மேல் அவனிடம் என்ன கேட்பது? வேல்ராஜ் எழுந்துவிட்டான்.

கலீலுல்லா சாவியைத் துடைத்துப் பையில் போட்டார். "கோவண்டில என் மூணு கோடவுனுக்குத் தளம் போடணும். ஒனக்குன்னுதான் வச்சிருந்தேன். இனி கெடையாது. இத ஒடச்சி, ஒன் செலவுல திரும்பப் போட்டுக் குடு. இல்லன்னா செம்பூர்ல, தாராவில எவனும் ஒன்னைய வேலைக்குக் கூப்பிட மாட்டான். கதம், பேச்சு முடிஞ்சிது."

"போட்டுத் தாரேன் பாய்."

இருபத்திரண்டு வருடக் கொத்து வேலையில் முதல் முறையாக வேல்ராஜ் தன் கையைச் சந்தேகப்பட்டான்.

"நான் இருக்கேன் மாப்ள," என்று இசக்கிப்பாண்டி தோளில் தட்டினான். "ஒடைக்கதுக்கு எங்க ஆளு ரெண்டு பேர அனுப்புதேன்."

தாராவிக்கு வந்து பிரேமலதாவிடம் சொன்னான். "களவாணின்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாரு. எந் தப்பு என்னன்னே தெரியல. ஒத்துக்கிட்டு வந்திட்டேன்."

"சாப்பிடுங்க," என்றாள். தட்டை எடுத்து வைத்தாள்.

மறுநாள் யாரும் உதவிக்கு வரவில்லை. வேல்ராஜ் தனியாகவே உடைத்தான். மதியம் பிரேமலதா டிபன் கேரியரோடு வந்தபோது, ஷட்டர் இறங்கி உட்காரும் காடியை உளியால் நோண்டிக்கொண்டிருந்தான். அதிலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ வந்தது. எடுத்துப் பார்த்தான். தகடாக நசுங்கிக் காய்ந்த எலுமிச்சம்பழம். ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது.

புது இடத்துக்குள் முதல் வண்டி ஏறும்போது சக்கரத்துக்கு அடியில் வைக்கிற பழம். ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு எதையும் தொடங்க முடியாது. அதற்குள் இசக்கிப்பாண்டி முந்திக்கொண்டிருக்கிறான்.

"பாத்தியா?" பழத்தை பிரேமலதாவிடம் நீட்டினான். "பச்சத் தளத்துல ஒங்கண்ணன் டோயிங் வண்டிய ஏத்திப் பூஜை போட்டிருக்கான். போட்டுட்டு எங்கூட நின்னு எனக்கே பரிஞ்சி பேசுதான். அது போவட்டும். ஒம் மேலயில்லா பொய்ச் சத்தியம் பண்ணிட்டான். நீ வா, பாய்ட்ட ரெண்டு பேருமாப் போயி இதக் காட்டுவோம். இனி அவன் வீட்டு வாசல் நமக்கு வேண்டாம்."

பிரேமலதா டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். பழத்தை அவள் வாங்கவில்லை.

"நாலு சக்கரத்துக்கும் நான்தான் வச்சேன்."