நாலு மணிக்கு நிற்கும் படம்

"என் புருஷன் உயிருக்கு நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் குடுத்திருக்கேன், தேவா. அது தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நின்னு போனா எப்படி?"

போனில் ஷோபனா இப்படிக் கேட்டும் தேவா பதறவில்லை. நிற்பது உயிர் அல்ல, அதற்குக் காவல் வைத்த கேமரா. சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதன் நெற்றியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண். திருமுல்லைவாயில் ஃபிளாட்டின் சமையலறையில் அதை மாட்டியதே பாடி ஏரியாவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தேவாதான். ஃபிரிட்ஜை யார் திறந்தாலும், அம்பத்தூர் ஆபீஸிலிருக்கும் ஷோபனாவின் போனில் நேரலையாகத் தெரியும்.

திறக்கக்கூடியவர் ஒருவர்தான். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட் முடித்து வரும் அவள் கணவர் ஜெயராமன். சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. மாசத்துக்கு ஒரே ஒரு இனிப்பு, அடுத்த டெஸ்டில் குறையாவிட்டால் தினமும் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷம் பீரங்கிகளோடு குடித்தனம் செய்த மனிதர், ஊசியைக் கண்டால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்.

"நாலு மணிக்குத்தான் போகணும், தேவா. முன்னாடி போனா ஒண்ணும் தெரியாது."

அப்படியே போனான். கதவைத் திறந்த ஜெயராமன், "வாப்பா சி.ஐ.டி. நான்தான் ஒயரைப் பிடுங்கறேன்னு சொல்றாளா?" என்றார்.

"இல்ல சார். அடாப்டர் மேலதான் டவுட்டு."

"பரவாயில்லை. இந்த வீட்ல என்னைத் தவிர இன்னொருத்தன் மேலயும் சந்தேகம் வருது."

தேவா காதில் இயர்போனை மாட்டி ஷோபனாவை லைனில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். அடாப்டரை மாற்றினான். கேமராவின் பட்டை ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினான். போர்டு சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தான்.

"தெரியுதா மேடம்?"

"ஃபிரிட்ஜ் தெரியுது. உன் முழங்கையும் தெரியுது."

"அப்போ எல்லாம் நல்லாத்தான் கீது."

அவன் படும் பாட்டைப் பார்த்து, ஸ்டூலுக்குக் கீழே நின்ற ஜெயராமன் உருகிப்போனார். "வீட்டுக்கு வந்தவனை வெறும் வாயோட அனுப்பினா நல்லாருக்குமா?" என்று முணுமுணுத்தபடி கேமரா பார்க்காத மூலைக்குப் போனார். அங்கே கவிழ்த்திருந்த ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு டப்பா வந்தது. குலாப் ஜாமூன்.

தேவா இயர்போன் மைக்கைக் கையால் பொத்தினான். "சார், இன்னா சார் இது?"

"ஃபிரிட்ஜைத் திறந்தேனா? இல்லையே. அப்ப கேமராவுக்கும் எனக்கும் என்ன தகராறு?" என்று கிசுகிசுத்தவர், ஒரு கிண்ணத்தில் எடுத்து மைக்ரோவேவ் ஓவனில் வைத்தார். "ஆறிப்போனதைச் சாப்பிட்டா ஜாமூனுக்கு மரியாதை இல்லை."

"தேவா, படம் நின்னுடுச்சு" என்றாள் ஷோபனா காதில்.

அவன் ஒயரை ஆட்டினான். நின்றது நின்றபடி. போர்டில் விளக்கு எரிந்தது. கரண்ட் சரி. ஒரு நிமிஷம் ஓடியது. ஓவன் 'டிங்' என்றது.

"வந்துடுச்சு" என்றாள்.

தேவாவுக்கும் வந்துவிட்டது. ஓவன் ஓடினால் பக்கத்திலுள்ள வைஃபை திணறும். ஐந்து நிமிஷ வேலை, வேறு அலைவரிசைக்கு மாற்றினால் போதும். வாயைத் திறக்கப் போனான். அதற்குள் ஒரு ஜாமூன் தட்டில் வந்து நின்றது. தேவா தட்டைப் பார்த்தான், பிறகு கேமராவைப் பார்த்தான். ஜெயராமன் பெருமூச்சோடு இன்னொன்றை வைத்தார். பேரம் படிந்தது.

இரண்டையும் முடித்துவிட்டு மைக்கிலிருந்து கையை எடுத்தான். "லைன்ல ஏதோ கோளாறு மேடம். கம்பெனிக்காரன்தான் பார்க்கணும்."

"சரி, அதை விடு. உனக்கு எத்தனை குடுத்தாரு?"

தேவாவுக்குப் புரையேறியது. "எ... எது மேடம்?"

"எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஓவன் போட்டா எங்க வைஃபையும் இப்படித்தான் நிக்கும். எத்தனை?"

"ரெண்டு ஜாமூன் மேடம்."

"அவருக்கு?"

"மீதி ரெண்டு."

"ஆக, படம் நின்ன ஒரு நிமிஷத்துக்கு நாலு." பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. "உன்னை ரிப்பேருக்குக் கூப்பிடலை, தேவா. படம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு தினமும் எழுதி வச்சிருக்கேன், அதை எதால பெருக்கறதுன்னுதான் தெரியலை. வந்தவங்களுக்கு வாய்க்கு ஏதாவது குடுக்காம அவரால இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். பன்னெண்டு நாள்ல ஒம்பது நிமிஷம், முப்பத்தாறு. இன்னைக்கு நாலு, நாப்பது. மாசத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல மூணு வருஷம் நாலு மாசத்துக்கு முன்கூட்டியே எடுத்துட்டாருன்னு சொல்லிடு. நீ தின்ன ரெண்டும் அவர் பற்றுலதான்."